லங்காட் ஆறும் சௌக்கிட் சந்தும்

மலேசியத் தமிழ் நாவல் என்றால் ரப்பர் தோட்டம், லயம், கங்காணி, கடைசியில் ஒரு சாவு. இந்தச் சலிப்போடுதான் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’யைக் கையில் எடுத்தேன். கிள்ளான் கோமுட்டர் ரயிலில் போக வரப் படித்து முடித்தபோது சலிப்பு பாதிக்குமேல் போயிருந்தது.

கதை நடக்கும் இடம் தொலைவில் இல்லை. கிள்ளானிலிருந்து தெற்கே பந்திங் பக்கம் போனால் அந்த ஆறு இன்றும் ஓடுகிறது. ஜப்பான்காரன் போனான், மூன்று நட்சத்திரக்காரர்கள் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் வந்தார்கள், 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்துச் சனங்களைப் பெயர்த்து முள்வேலிக் கிராமங்களுக்குள் அடைத்தது. பகலில் ஒரு துப்பாக்கிக்கும் இரவில் இன்னொரு துப்பாக்கிக்கும் பதில் சொல்லவேண்டிய பிழைப்பு. வேறொருவர் கையில் இது ஒப்பாரி ஆகியிருக்கும். ரெங்கசாமி குரலை உயர்த்துவதே இல்லை. பயத்தைப் பற்றிப் பேசாமல், பயத்தோடு சோறாக்கித் தின்று தூங்குகிறவர்களைக் காட்டுகிறார். அந்த அடக்கம்தான் அவர் கலை.

குறையும் உண்டு. அவருடைய நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். காதல் வந்தால் பழைய சினிமா வசனம் எட்டிப் பார்க்கிறது. ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலை வைத்து அவர் எழுதிய ‘நினைவுச் சின்னம்’ இந்த விஷயத்தில் இன்னும் தடுமாறுகிறது. ஆனாலும் 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்குப் பலியான நம் தோட்டத்து மக்களை எழுத முன்வந்தவரிடம் நடை அழகை மட்டும் பார்த்து மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

ம. நவீனின் ‘சிகண்டி’ வேறு ரகம். லயம் இல்லை, பால்வெட்டு இல்லை. கோலாலம்பூர் சௌக்கிட்டின் பின்சந்துகள், அடியாட்கள், திருநங்கையர். இவருடைய முந்தைய நாவல் ‘பேய்ச்சி’யை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. அதற்குப் பிறகு நவீன் என்றாலே தடையைப் பற்றித்தான் பேசுகிறோம், எழுத்தைப் பற்றி அல்ல. மலாயும் சீனமும் கலந்த நம் தெருத்தமிழை மெருகேற்றாமல் எழுதுகிற துணிச்சல் இவருக்கு இருக்கிறது. அதை முழு மனதோடு பாராட்டுவேன். புராணக் குறியீடுதான் சில இடங்களில் கனம் தாங்காமல் தொங்குகிறது. வன்முறையும் அடுக்கடுக்காக வருவதால் கடைசி அடி வலிக்கவேண்டிய அளவு வலிக்கவில்லை.

அதே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸை மட்டும் இப்படி முழுசாக எழுதிய நாவல் ஒன்றும் என் கையில் சிக்கவில்லை. ரயில்வே குமாஸ்தாக்களாக வந்த யாழ்ப்பாணத்தார், கந்தசாமி கோயில், பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் திறந்த கே.எல். சென்ட்ரல் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன? எழுதத் தெரிந்தவர்கள் யாராவது கையில் எடுங்கள்.

‘லங்காட் நதிக்கரை’, ‘சிகண்டி’ இரண்டில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், முன்னதைத்தான் சொல்வேன்.