கூம்புக் கோணம்

பாஸ்பீன் ஈனியின் பருமன், அது பற்றியிருக்கும் உலோகத்தின் வேலையையே மாற்றிவிடும். அந்தப் பருமனை அளக்க டோல்மன் வகுத்த கூம்புக் கோணம் வேதியியலின் மிக அழகான அளவைகளுள் ஒன்று. மூலக்கூறு மாதிரியில் பாஸ்பரசிலிருந்து 2.28 ஆங்ஸ்ட்ராம் தள்ளி உலோகத்தை நிறுத்தி, அதை முனையாகக் கொண்டு ஈனி முழுவதையும் அடக்கும் கூம்பை வரைய வேண்டும். டிரைமெத்தில்பாஸ்பீனுக்கு 118 பாகை; டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனுக்கு 182. அத்தனை அகன்ற ஈனிகளில் இரண்டுக்குத்தான் பல்லேடியத்தைச் சுற்றி இடமுண்டு. அதிலும் ஒன்று விலகினால், எளிதில் அசையாத அரைல் குளோரைடும் வினைக்கு இணங்கும். 170 பாகையுள்ள டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன், கிரப்ஸின் ருத்தேனிய வினையூக்கியிலிருந்து கழன்று, இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனுக்கு இடம்விடுகிறது; அந்த வினையூக்கி ஆல்கீன்களின் பாதிகளை இடம்மாற்றிக் கோக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும் செம்பனை எண்ணெயின் ஒலியிக் அமிலத்திலும் அத்தகைய இரட்டைப் பிணைப்பு உண்டு. செம்பனை எண்ணெயை இந்த இடமாற்ற வினையால் மாற்றும் ஆலை, 2013இல் இந்தோனேசியாவின் கிரெசிக்கில் இயங்கத் தொடங்கியது.