யாருடைய நீலம், யாருடைய கந்தல்?

‘ஆர்ட் குவில்ட்’ என்று ஒன்று இப்போது நகரத்துக் காட்சிக்கூடங்களில் மாட்டப்படுகிறது. அவுரியில் கையால் சாயமேற்றிய புதுத்துணியை வாங்கி, துண்டுதுண்டாகக் கத்தரித்து, மறுபடி ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து நூலோட்டித் தைத்தது. கீழே ஒரு சீட்டில் கலைஞர் பெயர், ஆண்டு, ‘கைச்சாய அவுரி, பருத்தி’ என்று எழுதியிருக்கும். பார்க்க நன்றாகவே இருக்கிறது. வானம் வெளுப்பது முதல் இருட்டுவது வரைக்குமான நீலம் அத்தனையும் அதில் இருக்கிறது. என் கேள்வி அழகைப் பற்றியதல்ல, அந்தச் சீட்டைப் பற்றியது.

முதலில் நீலம். எங்கள் ஆலங்குளம் கரிசல் பக்கத்தில் அவுரி என்றால் பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரை இலைதான். சாய அவுரி வேறு செடி. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் பயிராகிறது. அறுத்த செடியைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, தண்ணீர் விட்டு, மேலே கட்டை வைத்து அமுக்கி ஊறப்போடுவார்கள். நொதித்த தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டதும் ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்துக் கலக்கணும். காற்று ஏறினால்தான் பச்சைத்தண்ணீர் நீலமாகும். அடியில் தங்குகிற சேற்றைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டியாக வெட்டிக் காயப்போடுவார்கள். சாயத்தாழி இன்னொரு வேலை. சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டுப் புளிக்கவிட்ட தாழியில் முக்கி எடுத்த துணி மஞ்சளும் பச்சையுமாக வரும். விரித்துப் பிடிக்கப் பிடிக்க நீலம் ஏறும். அடர்த்தி வேணுமானால் திரும்பத் திரும்ப முக்கணும். தாழி நாற்றம் சொல்லி மாளாது. நாற்றத்துக்குள் கையை விடுகிறவர்கள் யார் என்பதை இந்த நாட்டில் எப்போதும் சாதிதான் தீர்மானித்திருக்கிறது.

மனுநூல் பத்தாம் அத்தியாயம் பார்ப்பனர் விற்கக்கூடாத பண்டங்களில் கள், அரக்கு இவற்றோடு நீலத்தையும் சேர்க்கிறது. விலக்கப்பட்ட அந்த நிறம்தான் அம்பேத்கரின் கொடியில் ஏறியது. வங்கத்து நீலக் கலகம் (1859), சம்பாரண் (1917) எல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய ‘கினி’ நீலத்துணி அதில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை வாங்குவதற்கும், பிற்பாடு செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்குவதற்கும் கொடுத்தார்கள். இங்கே நெய்து சாயம்போட்ட துணி, அங்கே மனித விலை. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியதும் நம் அவுரி வியாபாரம் சரிந்தது.

இனி கந்தல். இதைப் பேசாமல் அதைப் பேசுவது அயோக்கியத்தனம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்பவை அவற்றில் உண்டு. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். எங்கள் விருதுநகர் 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே எங்களுக்குத் துணி என்பது வெறும் துணி அல்ல. ‘கந்தல்தான் தலித் அழகியல்’ என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வருகிறது. நாலு முழம் நல்ல துணிக்காக வெட்டுப்பட்டவன் பேரனிடம் வந்து கிழிசலை அழகு என்பதா? இதை நம் தோழர்களே சிலர் சொல்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆனாலும் கந்தலைத் தைத்தவளின் அறிவை விட்டுக்கொடுக்க முடியாது. எங்க பாட்டி தைத்த போர்வையில் மேலே மூன்று பழஞ்சேலை, உள்ளே பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் கழித்துப்போட்ட கட்டுத்துணி. எந்தக் கிழிசல் எந்தப் பக்கம் வரணும், எங்கே தையல் நெருங்கணும், எங்கே விலகணும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ‘இந்த ஓரம் உங்க தாத்தா வேட்டிடா, மிதிக்காத’ என்பாள். பிக்குகளின் சீவரமும் இப்படி ஒட்டுப்போட்டதுதான். மகத நாட்டு வயல் வரப்புகளைப் போலத் தைக்கச் சொன்னதாக விநயம் கூறும். தமிழ் இலக்கியம் படிக்கப்போன எனக்கு ஐந்து வருசத்தில் எந்த வகுப்பிலும் இந்தத் தையலுக்கு ஒரு பெயர் சொல்லித்தரப்படவில்லை.

அமெரிக்காவில் பெயர் கிடைத்தது. எப்படி என்று பார்ப்போம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியம்போல் சுவரில் மாட்டியது. தைத்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்புப் பெண்கள், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். பலருக்கு இன்றும் பெட்வே என்ற பண்ணைமுதலாளியின் பெயர்தான் குடும்பப்பெயர். மிஸ்ஸூரி பெட்வே 1942இல், செத்துப்போன கணவனின் வேலைத்துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். முட்டி தேய்ந்து வெளுத்த நீலம் அது. எந்தத் தாழியிலும் முக்கி அப்படி ஒரு நீலத்தை எடுக்க முடியாது. வெயிலும் வேர்வையும் பருத்திக்காடும் வெளுத்தது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே கண் நகரவில்லை. அவர்கள் ஓட்டுரிமை கேட்கத் தொடங்கிய காலத்தில், 1962இல், ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. 2002இல் போர்வைகள் ஹூஸ்டனுக்கும் விட்னிக்கும் போயின. படகு திரும்ப வந்தது 2006இல். அதே வருசம் போர்வைகள் தபால்தலையாயின! 2007இல் அவர்களில் மூன்று பெண்கள் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஆனது.

இங்கே வட கன்னடத்துச் சித்திப் பெண்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க வழிவந்தவர்கள், 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்கள் தைக்கும் கவந்தி பழந்துணியால் ஆனது. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலையில் மடித்த துணியால் ‘பூ’ வைக்காவிட்டால் அது நிர்வாணமாம். எவ்வளவு கறாரான இலக்கணம்! இதையும் வெளிநாட்டு ஆய்வாளர் வந்துதான் உலகுக்குச் சொன்னார்.

ஆகவே நகரத்துக் குவில்ட்டின்மேல் என் விமர்சனம் இதுதான். புதுத்துணியைக் கிழித்துத் தைப்பதில் குற்றமில்லை. ஆனால் இல்லாமையிலிருந்து பிறந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அந்த இல்லாமையை உண்டாக்கியவர்களைச் சீட்டிலிருந்து அழித்துவிடுவது பழைய வேலை. தொட்டியில் இறங்கி உதைத்தவனின் கெண்டைக்கால் நீலம் சீட்டில் இல்லை. பட்டாசு ஆலைக்குப் போய்வருகிற எங்க ஊர்ப் பெண்களின் விரலில் ஏறிய அலுமினியப் பொடி, எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போவதில்லை. சீட்டில் இல்லாத நீலத்தைப் பார்க்க எனக்கு அந்த விரல்களே போதும். துணி யார் நெய்தது, யார் முக்கியது, யார் நூலோட்டியது, ஆளுக்கு என்ன கூலி? இவ்வளவையும் எழுத ஒரு முழம் சீட்டு போதும்.

பழஞ்சேலையைச் சேர்த்துத் தைக்கிற போர்வைக்கு உங்கள் சேரியில் என்ன பெயர், தையலுக்கு என்னென்ன பெயர், தைக்கிற கிழவிகள் யார் என்று வாசகர்கள் இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும். பாட்டியிடம் கேட்டேன். அவள் ‘போர்வைக்கு என்னடா பேரு, போர்வைதான்’ என்று சொல்லிவிட்டாள்.