ஸ்டில்பைட்டை ரசிக்கும் விதம்

நவரத்தினங்களின் வரிசையில் இடம்பெறாததும், நகையில் பதிக்கும் அளவுக்கு உறுதி வாய்க்காததுமான ஒரு ஸ்படிகத்தை ரசிக்க விரும்புகிறவர், விலையைக் கொண்டு கல்லை மதிக்கும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, அது பிறந்த இடத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜியோலைட் என்னும் தாது வர்க்கத்தைச் சேர்ந்த ஸ்டில்பைட் அத்தகையது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து பெருகிய எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காகப் பரவி இன்றைய மஹாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை மூடி உறைந்தபோது, அதனுள் அகப்பட்ட வாயுக் குமிழிகள் வெளியேற வழியின்றி, கரிய பசால்ட் பாறையினுள்ளே எண்ணிறந்த வெற்றிடங்களாக எஞ்சின. பின்னர், சில இடங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பிறகும், விரிசல்களின் வழியே ஊடுருவிய வெந்நீர், பாறையிலிருந்து கரைத்துக்கொண்ட சிலிக்கா, அலுமினியம், கால்சியம், சோடியம் முதலியவற்றை அந்தக் குழிகளின் சுவர்களில் சிறிது சிறிதாகப் படியவிட, ஸ்படிகங்கள் வளர்ந்தன. வெற்றிடம் இல்லையேல் இந்தச் சௌந்தரியமும் இல்லை. ஆகவேதான், தனியே பெயர்த்தெடுத்த ஸ்படிகத்தைக் காட்டிலும், குழியின் கரிய சுவர்த் துண்டோடு சேர்ந்து நிற்கும் மாதிரியை நான் உயர்வாகக் கருதுகிறேன்.

அத்தகைய மாதிரி ஒன்றைக் காலை வெளிச்சத்தில் கையில் ஏந்திப் பாருங்கள். மெல்லிய தகடுகள் பல ஏறக்குறைய ஒரே திசையில் நெருங்கி, இடையில் குறுகி இரு முனைகளிலும் விரிந்து, நடுவே கயிறிட்டுக் கட்டிய நெற்கதிர்க் கட்டின் வடிவம் கொண்டிருக்கும். நிறம் வெண்மை, அல்லது பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. நிறத்தோடு நின்றுவிடாமல், கல்லை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், மற்ற முகங்கள் கண்ணாடியைப் போல் பளிச்சிட, அகன்ற முகம் ஒன்று மட்டும் முத்தின் ஒளியைத் தரும். அந்த முகத்திற்கு இணையாகவே ஸ்படிகம் எளிதில் பிளவுபடும் இயல்புடையது. உள்ளேயுள்ள நுண்ணிய பிளவுத் தளங்களில் ஒளி பட்டுத் திரும்புவதே அந்த மென்மைக்குக் காரணம். அடுத்து, எது எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டில்பைட்டின்மீது அபோபிலைட் என்னும் பச்சைத் தாது ஏறி நின்றால், அது பிந்தி வந்தது. ஒரு குழியின் சரித்திரத்தை இவ்வாறு கீழிருந்து மேலாக வாசிக்கலாம். (அபோபிலைட் ஜியோலைட்டோடு கூடி வாழ்வதேயன்றி, அதன் வர்க்கத்தைச் சேர்ந்ததன்று.)

கண்ணுக்குப் புலப்படாத அதிசயம் ஒன்றும் உண்டு. ஸ்வீடன் தேசத்துத் தாதுவியல் அறிஞர் கிரான்ஸ்டெட், 1756-இல், இவ்வகைக் கல்லை ஊதுகுழல் சுடரில் காய்ச்சியபோது, அது நுரைத்துப் பொங்கி ஆவியை வெளிவிடக் கண்டார். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களாலான சட்டகத்தினுள் நுண்ணிய சுரங்க வழிகள் ஓடுகின்றன. அவற்றில் ஜலமும், எளிதில் இடம் மாறவல்ல சோடியம், கால்சியம் அயனிகளும் தங்கியிருக்கின்றன. பாறையில் ஒரு குழி, குழியில் ஒரு ஸ்படிகம், அந்த ஸ்படிகத்தினுள்ளும் குழிகள் என்று அறிந்து பார்க்கும்போது, கையிலுள்ள கல்லின்மீது எனக்கு மரியாதை மிகுகிறது. கடின நீரை மென்னீராக்கும் தொழிலுக்கு ஜியோலைட்டுகள் பயன்பட்டதும், அயனிகள் இவ்வாறு இடம் மாறிக்கொள்ளும் பரிமாற்றத்தினாலேதான்.

ஸ்டில்பைட்டின் கடினம் மோஸ் அளவையில் 3.5 முதல் 4 வரையே, கத்திமுனை கீறிவிடும். அமிலமும் சூடும் ஆகா. சுத்தம் செய்யச் சாதாரணத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

நாசிக்கை அடுத்த சின்னரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகத்தில் இத்தகைய ஸ்படிகங்களைக் கண்குளிரக் காணலாம். விலைக்கு வாங்குவோர், புனே என்றோ ஜல்கான் என்றோ ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு உடன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சாலைக்கும் கட்டடத்திற்கும் கல் உடைக்கும் குவாரிகளில்தான் இவை வெளிப்படுகின்றன. குவாரி நகர்ந்ததும் அந்தக் குழி ஜல்லியாகிவிடும், பிறகு அதன் விலாசத்தைச் சொல்ல அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இராது.