சுசீலாவும் அனாமத்துக் கணக்கும்

கிழக்கேகோட்டை கடந்து சாலைக் கடைத்தெருவில் நுழைந்தால் ஆ. மாதவன் கதைமாந்தர்கள் எதிரே வருவார்கள். அவர் (மறைவு 2021) அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு எழுதியவர். அந்தப் பழக்கத்தில் நகுலனை எடுக்கும் நம்மவர்கள் பத்துப் பக்கத்தில், "கதை எங்கேய்யா?" என்று மூடிவிடுகிறார்கள்.

நகுலன் என்கிற டி.கே. துரைஸ்வாமி 1921இல் கும்பகோணத்தில் பிறந்தார். இவ்வூர் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். 2007இல் இங்கேயே காலமானார். நம் வீட்டு அலமாரிகளில் அவர் புத்தகம் அபூர்வம். பெயர் தெரிந்தவர்களும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: சுசீலா யார், நிஜப் பெண்ணா? இந்தத் துப்பறிதலில் நாவல் படிக்கப்படாமலே கிடக்கிறது.

வியாபாரிக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. சிட்டை வேறு, பேரேடு வேறு. சிட்டையில் கொப்பரை விற்றதும் வண்டிக்கூலியும் கைமாற்றும் நடந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். பேரேட்டில்தான் ஆள்வாரியாகப் பிரிப்போம். நாம் படித்துப் பழகிய நாவல்கள் பேரேடுகள். 'நினைவுப்பாதை' (1972) ஒரு சிட்டை. டைரிக் குறிப்பு, நண்பர் பேச்சு, படித்த புத்தகம், சுசீலா எல்லாம் மனசில் பட்ட வரிசையில் வருகின்றன. பெயர்வாரியாகப் பிரிப்பது வாசகன் பாடு.

சரி, சுசீலா? பணம் வந்திருக்கும், எந்தக் கணக்கில் என்று தெரியாது. தள்ளவும் முடியாது. 'அனாமத்து' என்று எழுதி வைப்போம். சுசீலா அப்படி ஒரு தலைப்பு. காதல், எழுத்தாசை, தனிமை என்று இடம் கிடைக்காத எல்லாவற்றையும் நகுலன் அவள் பெயரில் எழுதிவைக்கிறார். ஆளைக் கண்டுபிடித்துவிட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது. வருஷக் கடைசியில் நாம் அனாமத்தைத் தீர்த்துவிடுவோம். அவர் அடுத்தடுத்த புத்தகங்களுக்கும் கொண்டு போனார். அந்தத் தீராமையில்தான் அவருடைய துக்கம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நவீனன் நகுலனேதானா, வேறு ஆளா என்ற சண்டையும் இப்படித்தான். ஒரே ஆள் இரண்டு பேரில் கணக்கு வைப்பது சாலையில் புதிதா என்ன! ஒருவகையில் ஒருவர், ஒருவகையில் இருவர். சமண நூல்கள் இதை அநேகாந்தம் என்கும். அதற்காக நகுலனைச் சமணர் ஆக்கிவிட வேண்டாம்.

சிட்டை என்பதால் எல்லா வரியும் அவசியம் என்று ஆகாது. நூலாசிரியர்கள் பெயர் அடுக்கும் பக்கங்கள் எனக்கு அலுப்புத்தான். அவற்றைத் தள்ளிப் படித்தாலும் சுசீலா வரும் பக்கங்களுக்குச் சேதமில்லை. 'நாய்கள்' (1974) நாவலுக்கு இந்தச் சாவி சரியாகப் பொருந்தவில்லை. அதற்கு வேறு வழி தெரிந்தவர்கள் எழுதலாம்.