சேலை உடுத்திய புத்தகங்கள்

ரைட்டர்ஸ் ஒர்க்ஷாப் வெளியிட்ட நூலைக் கையில் எடுத்தால் கண்ணுக்கு முன்னால் விரல் வாசிக்கத் தொடங்கிவிடும். அட்டையில் படம் இல்லை, பளபளக்கும் உறை இல்லை. கெட்டி அட்டையின்மேல் கைத்தறிச் சேலைத் துணியை இழுத்து ஒட்டியிருப்பார்கள். நெசவின் மேடுபள்ளம் கையில் நெருடும். தலைப்பு பொன்னிறத்தில் பதிந்திருக்கும். அதுவும் அச்செழுத்தில் அல்ல, பதிப்பாளர் பி. லால் தன் கையால் எழுதிய சித்திர எழுத்தில். உள்ளே ஒரு பக்கத்தில் அந்தப் புத்தகம் உருவான கதை சில வரிகளில் இருக்கும்: எழுத்தைக் கையால் கோத்தது, கையால் இயக்கும் இயந்திரத்தில் அடித்தது, கையால் தைத்து ஒட்டிக் கட்டியது. பைண்டிங் செய்தவரின் பெயரும் அங்கே இருக்கும்.

1958இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தப் பதிப்பகம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை வெளியிட்டிருக்கிறது. பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் துணியையும் தையலையும் சொல்கிறார்கள். குறை சொல்கிறவர்கள் உள்ளே இருக்கும் கவிதைகளைக் காட்டுகிறார்கள். இரு தரப்பும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். ஆனால் இந்தப் பதிப்பகத்தின் பெருமையும் சிறுமையும் ஒரே வேரிலிருந்து வந்தவை: ஒரு மனிதர், சிறு முதல், கைவேலை. அந்த வேரைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது.

லால் 1929இல் பஞ்சாபின் கபூர்தலாவில் பிறந்தவர். கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் சில நண்பர்களும் கூடி ஒர்க்ஷாப்பைத் தொடங்கிய காலத்தில் ஆங்கிலத்தில் கவிதை எழுதும் இந்தியருக்கு உள்ளூரில் பதிப்பாளர் இல்லை என்றே சொல்லலாம். லண்டன் வெகுதூரம். உள்ளூரில் இருந்தவர்களோ பாடநூல் வியாபாரிகள். போதாததற்குச் சில ஆண்டுகள் கழித்து வங்காளத்தின் பெருங்கவிஞர் புத்ததேவ போஸ், 1963இல் வெளியான ஒரு கலைக்களஞ்சியத்தில், இந்தியர் ஆங்கிலத்தில் எழுதும் கவிதைக்கு எதிர்காலமே இல்லை என்ற பொருளில் தீர்ப்பெழுதினார். தாய்மொழியில் எழுதுகிறவர்களின் இளக்காரம் ஒருபுறம், பதிப்பாளர்களின் அலட்சியம் மறுபுறம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லால் அச்சைப் போட்டார்.

பலனைப் பட்டியல் சொல்லும். நிசிம் எசக்கியேலின் ‘தி அன்ஃபினிஷ்டு மேன்’ 1960இல் இங்கே வந்தது. ஆதில் ஜுஸ்ஸாவாலாவின் முதல் தொகுப்பு 1962இல் வந்தது. கேக்கி தாருவாலாவின் ‘அண்டர் ஓரியன்’ 1970, ஜயந்த மகாபாத்ராவின் ‘சுயம்வரா’ 1971, ஆகா ஷாஹித் அலியின் ‘போன் ஸ்கல்ப்ச்சர்’ 1972. விக்ரம் சேத்தின் தொடக்கக் காலக் கவிதைகளும் இந்தச் சேலைக் கட்டில் வந்தவைதான். மகாபாத்ராவே பின்னர் ஆங்கிலக் கவிதைக்காக சாகித்ய அகாதெமி விருது பெற்ற முதல் கவிஞரானார். இவர்களில் பலர் பெயர் தெரியாதவர்களாக வந்து நின்றபோது கதவைத் திறந்தது இந்த வீடு.

கதவைத் திறக்க முடிந்ததற்குக் காரணம் மனத்தின் தாராளம் மட்டுமல்ல. கையச்சின் கணக்கும் அதற்கு இடம் கொடுத்தது. ஈய எழுத்துகள் கேஸின் அறைகளில் பிரிந்து கிடக்கும். கம்பாசிட்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். வரிகள் சேர்ந்து பக்கமாகும், பக்கங்கள் சேர்ந்து ஒரு பாரம் ஆகும். புரூஃப் பார்த்துத் திருத்தி, மெஷினில் ஏற்றி, வேண்டிய பிரதிகளை அடித்ததும் பாரத்தை அவிழ்த்து எழுத்துகளை மீண்டும் அறைகளில் போட வேண்டும். இருக்கிற எழுத்து அடுத்த பாரத்துக்குத் தேவை. இப்படி உருட்டுவதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். முந்நூறு பிரதி அடித்தாலும் கட்டுப்படியாகும். பெரிய பதிப்பகத்துக்கு முந்நூறு பிரதி என்பது நஷ்டக் கணக்கு. கவிதைக்கு அதுதான் இயல்பான கணக்கு. இந்த அளவுப் பொருத்தமே ஒர்க்ஷாப்பின் முதல் பலம்.

இரண்டாவது பலம் பொறுமை. லால் 1960களின் இறுதியில் தொடங்கி, மகாபாரதத்தைச் சுலோகம் சுலோகமாக ஆங்கிலத்தில் மறுபடைப்பு செய்து மெல்லிய பிரசுரங்களாக வெளியிட்டுவந்தார். விட்டுவிட்டு வரும் சின்னச் சின்னப் பகுதிகள், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத வேலை. எந்த விற்பனை மேலாளரும் இதற்குக் கையெழுத்துப் போடமாட்டார். அச்சும் கட்டும் சொந்தப் பிடியில் இருந்ததால் லால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வணிகத்தின் அவசரத்துக்கு ஆட்படாத காலம்தான் சிறு பதிப்பகத்தின் உண்மையான சொத்து. அதை அவர் வீணாக்கவில்லை.

மூன்றாவது, தொழிலாளியின் பெயர். நூலைக் கட்டியவரின் பெயரை நூலிலேயே போடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் புத்தகங்களில் முன்னுரை எழுதியவர், அட்டைப்படம் வரைந்தவர், ஊக்கம் தந்த பெரியவர்கள் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. தைத்தவருக்கும் பசை தடவியவருக்கும் இடம் இருப்பதில்லை. ஒர்க்ஷாப் அந்த மரியாதையைத் தலைப்புக்குத் தலைப்பு செலுத்தியது.

இனி மறுபக்கம்.

முதலில், ‘கையால் செய்தது’ என்பதன் பெருமையையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1958இல் கல்கத்தாவில் கையால் எழுத்துக் கோப்பது கலை அல்ல, அன்றாடத் தொழில். கல்யாணப் பத்திரிகையும் மளிகைக் கடை ரசீதும் அதே முறையில்தான் அச்சாயின. ஆஃப்செட்டும் கணினியும் பரவிய பிறகுதான் கையச்சு அபூர்வமாகி, அபூர்வம் அழகாகி, அழகு விலாசமாயிற்று. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கியபோது இயந்திர உற்பத்திக்கு எதிரான கொள்கையாகவே கைவேலையை எடுத்தார். அவருடைய புத்தகங்களோ பணக்காரர்களின் அலமாரிக்குத்தான் போய்ச் சேர்ந்தன. லாலின் வழி வேறு. மலிவு என்பதால் கிடைத்த கைவேலை அது; கொள்கை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் கைவேலை மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம் நம் ஊரில் கூலி மலிவாக இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெயர் போடுவது மரியாதை; கூலிக்கு அது ஈடாகாது.

அடுத்த குறை இதைவிடக் கனமானது: தேர்வும் எடிட்டிங்கும். 1958 முதல் லால் மறைந்த 2010 வரையிலான ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் மூவாயிரம் தலைப்பு என்று வைத்தாலே வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல் ஆகிறது. கல்லூரியில் பாடம் நடத்தி, மகாபாரதத்தை மொழிபெயர்த்து, தலைப்புகளைக் கையால் எழுதி, கடிதங்களுக்குப் பதில் போட்டு, வாரம் ஒரு கையெழுத்துப் பிரதியை வரி வரியாகப் படித்துத் திருத்த எந்த மனிதராலும் முடியாது. முடியவில்லை என்பதை நூல்கள் காட்டுகின்றன. நல்ல தொகுப்புக்குப் பக்கத்திலேயே பள்ளி ஆண்டுமலர்த் தரத்தில் ஒன்று, இரண்டுக்கும் அதே தங்க எழுத்து. 1969இல் புத்ததேவ போஸுக்கு விடைபோல லால் கொண்டுவந்த இந்திய ஆங்கிலக் கவிதைத் தொகைநூலில் 132 கவிஞர்கள் இடம்பெற்றார்கள். கவிதைக்கு எதிர்காலம் இல்லை என்று சொன்னவருக்குத் தலை எண்ணிக் காட்டுவது விடையாகாது. முப்பது பேரைத் தேர்ந்து, ஏன் இவர்கள் என்று வாதிட்டிருந்தால் வழக்கு வலுத்திருக்கும்.

மூன்றாவது குறையைப் பேசச் சிலர் கூச்சப்படுவார்கள்: பணம். நூலாசிரியர் முன்கூட்டியே ஒரு பங்கு பிரதிகளை, பொதுவாக நூறை, வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒர்க்ஷாப்பின் ஏற்பாடு. காசு கொடுத்தால் புத்தகம் போடுகிற இடம் என்ற பழிச்சொல் இதனால்தான் வந்தது. நியாயமாகப் பார்த்தால் லால் இதை மறைக்கவில்லை; இதை வைத்து மாளிகை கட்டவும் இல்லை. அரசு உதவியோ புரவலரோ இல்லாத இடத்தில் காகிதத்துக்கும் துணிக்கும் எங்கிருந்தாவது பணம் வந்தாக வேண்டும். சிக்கல் அவருடைய நேர்மையில் இல்லை, அந்த ஏற்பாட்டின் இயல்பில் இருக்கிறது. செலவைத் தாங்கப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ‘இந்தப் பன்னிரண்டு கவிதைகளை எடுத்துவிடுங்கள், இன்னும் இரண்டு வருடம் கழித்து வாருங்கள்’ என்று சொல்ல வாய் வராது. நிராகரிக்கும் உரிமையை இழந்த பதிப்பாளர், தன்னை அறியாமல் அச்சகக்காரராகிவிடுகிறார். வாசகரும் விமர்சகரும் பதிப்பக முத்திரையைப் பார்த்து நம்பி வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் அடி விழுவது அதே கட்டில் வந்த நல்ல கவிஞர்மேல். தமிழில் புத்தகக் கண்காட்சி நெருங்கும்போது நடக்கும் கொடுக்கல் வாங்கலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விநியோகம் நான்காவது. நூறு பிரதி ஆசிரியரிடம் போனால் அவை பெரும்பாலும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அன்பளிப்பாகும். மிச்சம் கட்டிலுக்கு அடியில். மிஞ்சியவற்றை ஊர் ஊராகக் கடைகளில் சேர்க்கும் ஏற்பாடு ஒரு வீட்டுப் பதிப்பகத்திடம் இருக்க முடியாது. அழகாகக் கட்டிய புத்தகம் வாசகர் கைக்குப் போகாவிட்டால் அந்தக் கட்டு யாருக்காக?

ஐந்தாவது, வடிவமைப்பு பற்றியது. எல்லாத் தலைப்பும் லாலின் கையெழுத்து, எல்லா அட்டையும் சேலை. இரங்கற்பாவுக்கும் நாடகத்துக்கும் ஆய்வேட்டுக்கும் ஒரே உடுப்பு. புத்தகம் பார்வைக்கு லாலுடையதாக இருக்கிறதே தவிர எழுதியவருடையதாக இல்லை. இங்கே சென்னையின் தாரா புக்ஸை ஒப்பிடலாம். 2006இல் அவர்கள் கொண்டுவந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கறுப்புக் கைக்காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப்பட்டது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள் அதில் இருக்கின்றன. இரவில் உயிர்கொள்ளும் மரங்களுக்கு அந்தக் கறுப்புத் தாளும், மேலே திட்டாகப் படியும் மையும் உள்ளடக்கத்தின் பகுதி; சாதாரண ஆஃப்செட்டில் அடித்தால் புத்தகமே வேறாகிவிடும். ஒர்க்ஷாப் நூலின் துணியை உரித்துவிட்டாலோ உள்ளே ஒரு வரிகூட மாறாது.

இந்தக் குறைகளைச் சொன்னால், சிறு பதிப்பகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1976இல் பம்பாயில் அருண் கொலாட்கர், ஜுஸ்ஸாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் பட்டேல் ஆகிய நால்வர் சேர்ந்து கிளியரிங் ஹவுஸ் என்ற பதிப்பு முயற்சியைத் தொடங்கினார்கள். மொத்தமாக எட்டே புத்தகம். அதில் ஒன்றான கொலாட்கரின் ‘ஜெஜுரி’ 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. விளம்பரத் துறையில் பெயர்பெற்ற வடிவமைப்பாளரான கொலாட்கரின் கண் அந்த நூல்களில் தெரியும். ஒருவர் கவிதையை மற்றவர் படித்துச் சண்டைபோட்ட தடமும் தெரியும். தமிழில் 1974இல் க்ரியா ராமகிருஷ்ணன் தொடங்கிய பதிப்பகம் எடிட்டிங்கையே தன் கைவினையாக்கிக்கொண்டது. நூல்கள் குறைவு, செலவும் காலமும் அதிகம். ஆனால் க்ரியா என்ற பெயர் முதுகில் இருந்தால் வாசகர் யோசிக்காமல் வாங்கினார். இவர்களும் சிறியவர்களே. கையை எங்கே வைப்பது என்பதில்தான் வித்தியாசம்: லால் கையைத் துணியில் வைத்தார், இவர்கள் வாக்கியத்தில் வைத்தார்கள்.

ஆனாலும் எட்டுப் புத்தகம் போட்டவர்களின் கண்டிப்பை மட்டும் புகழ்ந்தால் லாலுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ஆகா ஷாஹித் அலியின் மொத்தக் கவிதைத் தொகுப்பு 2009இல் வெளிவந்தபோது ஒர்க்ஷாப்பில் வந்த அவருடைய தொடக்க நூல்கள் அதில் இடம்பெறவில்லை. அந்தக் கவிதைகள் நிற்கவில்லை என்று இதை லாலுக்கு எதிரான சாட்சியாகவும் கொள்ளலாம். இருபதுகளில் இருந்த ஒரு கவிஞர் தன் வரிகளை அச்சில் பார்த்து, வெட்கப்பட்டு, முன்னேறிப் போக ஓர் இடம் கிடைத்தது என்று சாதகமாகவும் கொள்ளலாம். நாற்றங்காலில் விதைத்ததெல்லாம் நடவுக்கு வராது. அதற்காக நாற்றங்காலே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கண்டிப்பான பதிப்பகங்கள் பொறுக்கியெடுக்க ஏற்கெனவே எழுதிப் பழகிய கவிஞர்கள் வேண்டுமே. அவர்களில் சிலரைப் பழக்கிவிட்டது லால்தான். ஜுஸ்ஸாவாலா முதலில் வந்ததும் அங்கேதான்.

அப்படியானால் இன்று இந்த முறையிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு முதல் நூலுக்கு இடம் கொடுத்ததே லாலின் பெரிய தற்காப்பு. அது இப்போது காலாவதியாகிவிட்டது. பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்தபிறகு முப்பது பிரதிகூட யாரும் அடித்துக்கொள்ளலாம். கதவு எல்லா இடத்திலும் திறந்தே கிடக்கிறது. திறந்த கதவுகளின் காலத்தில் இன்னொரு கதவைத் திறப்பது சேவையாகாது. கையால் புத்தகம் செய்ய விரும்பும் இளம் பதிப்பாளர் லாலிடமிருந்து அவசரமின்மையையும் தொழிலாளிக்குத் தந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். நூறு பிரதி ஏற்பாட்டை அவரோடேயே விட்டுவிடட்டும். மூவாயிரம் என்ற ஆசையையும்.

ஆண்டுக்கு மூன்று நூல் போதும். ஒவ்வொன்றையும் ஆசிரியரோடு உட்கார்ந்து, வேண்டாத கவிதையை வேண்டாம் என்று சொல்லி, நான்கு புரூஃப் பார்த்து, அதன்பிறகு எந்தத் துணி பொருந்தும் என்று யோசிக்கலாம். துணியே பொருந்தாது, சாதா அட்டைதான் சரி என்று படவும் கூடும். அப்படிப் பட்டால் சாதா அட்டையில் போடும் துணிவு வேண்டும். கைவினைப் பதிப்பாளரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டுவது அந்தத் துணிவுதான்.