சாவி இன்னொரு கையிலும் இருக்கிறதா?

2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் ட்விட்டரை விட்டுக் கிளம்பி மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் குடியேறியது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கை ட்விட்டர் முடக்கியதுதான் உடனடிக் காரணம். எல்லோரும் நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் பழைய ஜெர்மானியப் புகைப்படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். அதையே வெறுப்புப் படம் என்று எடுத்துக்கொண்டது நிறுவனம். அதே நாட்களில், நீல டிக் கொடுப்பதில் சாதி பார்க்கிறார்கள் என்ற தலித், பகுஜன் எழுத்தாளர்களின் குற்றச்சாட்டும் வலுத்தது. முறையிட ஓர் ஆள் இல்லை, காரணம் சொல்ல யாருக்கும் கடமை இல்லை என்ற கோபம் இரு தரப்பிலும் இருந்தது.

அந்தக் கோபத்துக்கு மாஸ்டடான் சரியான பதிலாகத் தெரிந்தது. 2016இல் ஜெர்மனியில் யூகன் ராச்கோ என்ற இளைஞர் தொடங்கியது அது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. ஆளாளுக்கு ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அட்மின், தனி விதிகள். ஆனாலும் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். அதற்கான பொது நெறியான ஆக்டிவிட்டிபப்பை டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. ஓர் இடத்து நிர்வாகம் பிடிக்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், தீர்ப்புச் சொல்பவர் நம் தெருவைத் தெரிந்தவராக இருக்க முடியும் என்பது. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லிக் குத்தும் வசைகள் தமிழில் எத்தனை! ஊர்ப் பெயர், தொழிற்பெயர், சாப்பாட்டுப் பெயர் ஒன்றை வைத்தே ஆளை இழிவுபடுத்திவிட முடியும். இங்கே வளர்ந்த அட்மினுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட விதிப்புத்தகத்தில் அது அகப்படவே அகப்படாது. ஊர் அறிவு மட்டுமல்ல, கூட்டு முடிவும் இங்கே நடக்கிறது. 2019 ஜூலையில் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன காப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, எந்த நீதிமன்ற ஆணையும் இல்லாமல் சர்வர் சர்வராக அட்மின்கள் அதைத் துண்டித்தார்கள். தடுக்காத சர்வர்களையும் சிலர் கேள்வி கேட்டார்கள். ஒரு கம்பெனி முதலாளியின் மனநிலைக்காக நாம் காத்திருக்கும் காலத்தில் இது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்த அட்மினின் ஓர் இரவைப் பாருங்கள். பகல் முழுக்க வேலைக்குப் போய்வந்தவர் பத்து மணிக்குத் திரையைத் திறக்கிறார். புகார்ப் பட்டியலில் ஒரு சண்டை: இரண்டு பேருமே அவருக்குத் தெரிந்தவர்கள். ஒருவரின் பதிவை மறைத்தால் போதுமா, கணக்கையே முடக்க வேண்டுமா? முடிவு எடுப்பதற்குள் வெளியே போக வேண்டிய பதிவுகள் வரிசையில் தேங்குகின்றன. ஒரு மணிக்குப் போட்ட பதிவு மூன்று மணிக்குத்தான் அடுத்த சர்வரைச் சேரும். பிற சர்வர்களின் படங்களும் இவருடைய வட்டில் நகலாக வந்து குவிகின்றன. அதில் என்ன வருகிறது என்பது இவர் கையில் இல்லை. 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய சர்வர்களின் பதிவுகளை இரண்டு நாள் சோதித்ததில், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் 112 முறை சிக்கின. சட்டம் எழுதுபவர், நீதிபதி, காவலர், மின்பணியாளர், கணக்கப்பிள்ளை என எல்லாமே ஒரே ஆள். சம்பளம் கிடையாது.

அந்த ஆள் களைத்துவிட்டால்? மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற சர்வரைத் தனி ஒருவர் நடத்தினார். 2022 அக்டோபரில், ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கிப் புதியவர்கள் வெள்ளமாக வரவிருந்த நேரத்தில், மூடப்போவதாக அறிவித்தார். க்வியர்.ஏஎஃப் என்ற சர்வரின் முகவரி ஆப்கானிஸ்தானின் டொமைனில் இருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அதைப் பறித்தது. இப்படி இடம் மாறும்போது நம்மைப் பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு போகலாம், எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அங்கே நட முடியாது. பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் அந்த மாற்றமும் நடக்கும். தொடராக எழுதுகிற ஒருவருக்கு இது பெரிய இழப்பு.

கம்பெனி நடத்தினால் மட்டும் நிலைக்குமா என்று கேட்கலாம். நிலைக்காது. ஆர்குட் 2014இல் போனது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது, இந்தியாவிலேயே பிறந்த கூ 2024 ஜூலையில் போனது. ஆனால் கூகுள் பிளஸை மூடும்போது ஆறு மாதம் முன்பே சொன்னார்கள், எழுதியதைத் தரவிறக்க வழியும் வைத்தார்கள். நல்ல மனம் படைத்த தன்னார்வலர் பலரிடம் அந்த அவகாசம்கூடக் கிடைப்பதில்லை. இதை மாஸ்டடான் ஆட்களே உணர்ந்துதான் 2019இல் ஓர் உடன்பாடு கொண்டுவந்தார்கள்: மூடுவதற்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு, தினமும் பேக்கப், அவசரத்துக்குச் சர்வரில் நுழைய இன்னொருவருக்கும் அனுமதி, இனவெறி உள்ளிட்ட வெறுப்புகளைத் தடுக்கும் நடவடிக்கை. நல்ல உடன்பாடுதான். மீறினால் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து பெயர் போகும், அவ்வளவே.

நான் இருக்கும் கே.கே. நகரை வைத்துப் பார்க்கிறேன். பி.டி. ராஜன் சாலையில் ஒருவர் தன் வீட்டிலேயே சர்வர் வைத்து இந்தப் பகுதிக்காரர்களுக்கு நடத்துகிறார் என்று கொள்வோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோதோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் தண்ணீர் தேங்கியபோதோ அது நின்றிருக்கும். அண்டை அயலார் ஒருவரையொருவர் தேடும் நாளில்தான் நின்றிருக்கும். வாடகைக்கு வெளியூர் டேட்டா சென்டரில் வைத்தால் மழை அதைத் தொடாது. ஆனால் டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலும், காலாவதியான கார்டும், பாஸ்வேர்டும் அந்த ஒருவரிடம்தான் இருக்கும். இயந்திரக் கோளாறைவிட இவற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இதே கே.கே. நகரின் அடுக்குமாடிகளில் சங்கச் செயலாளர் பதவிக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். பொதுக்குழுவுக்கு வருபவர் குறைவு, குறை சொல்பவர் அதிகம். இருந்தும் மோட்டார் ஓடுகிறது, வாட்ச்மேன் சம்பளம் போகிறது. சங்கம் 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் ஆண்டுக் கூட்டமும் கணக்கும் காட்டியாக வேண்டும். செயலாளர் வீடு மாறினால் பாஸ்புக்கும் சாவியும் அடுத்தவரிடம் போகும். சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அடிப்படை ஏற்பாடே கிடையாது. உள்ளே இருப்பவர்கள் உறுப்பினர்களாக அல்ல, விருந்தாளிகளாக இருக்கிறார்கள்.

சட்டமோ சிறியவர் பெரியவர் என்ற பேதத்தைப் பாதிதான் பார்க்கிறது. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூடுதல் கடமைகளை 50 லட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட தளங்களுக்கு வைத்தன. ஆனால் குறைதீர் அதிகாரி, புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று 15 நாளில் தீர்த்தல் போன்றவை எல்லா இடைநிலையாளருக்கும் பொருந்தும் என்றன. ஐம்பது பேர் இருக்கும் சர்வருக்கும் அதுவே. கேரளத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர் பிரவீண் அரிம்பிரத்தொடியில் இந்த விதிகளை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனது நியாயமான காரியம். அவர் சார்ந்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் பொதுமக்களிடம் நிதி திரட்டி பாடரி.காம் என்ற சர்வரைத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தியது. அதே வட்டாரத்திலிருந்து வந்த பிரவ் என்ற செய்திப் பரிமாற்றச் செயலி, பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாக முயல்கிறது. பயன்படுத்துபவரே பங்குதாரர், அவருக்கே வாக்கு. வெளிநாட்டில் சோஷியல்.கூப் என்ற மாஸ்டடான் சர்வர் இதைச் செய்துகாட்டுகிறது. அங்கே உறுப்பினர்கள் பணம் கட்டுகிறார்கள், விதிகளை விவாதித்து வாக்களித்து முடிவு செய்கிறார்கள். மெதுவாக நடக்கும், சில நேரம் எரிச்சலூட்டும். ஆனால் ஒருவர் விலகினால் சர்வர் அணையாது.

சென்னைக்கு இது அந்நியமான யோசனை அல்ல. அரிசி பருப்பு விற்கும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை, சங்கம் இருக்கிறது. அரிசி பருப்புக்குச் செய்ததைப் பேச்சுக்கும் எழுத்துக்கும் செய்ய முடியாதா?

பரவலாக்கப்பட்ட சர்வர்களே சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒற்றை ஆளின் நல்லெண்ணத்தை அவை நிர்வாகம் என்று எண்ணிக்கொள்வதுதான் கோளாறு. ஆகவே சேருவதற்கு முன் அட்மினிடம் நேராகக் கேளுங்கள்: பாஸ்வேர்டு இன்னொருவரிடமும் இருக்கிறதா, பேக்கப் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, மாதச் செலவு எவ்வளவு, அதை யார் தருகிறார்கள், கணக்கை எங்கே பார்க்கலாம். சேர்ந்தபின் மாதம் நூறு ரூபாயாவது கொடுங்கள். நேரம் உள்ளவர்கள் புகார்ப் பட்டியலில் வாரம் ஓர் இரவைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது சாவியை வாங்கிவைத்துக்கொள்ள உங்களில் ஒருவர் முன்வாருங்கள்.