கயிறு யார் கையில்?

ஆகஸ்ட் பிறந்தால் தமிழ்நாட்டில் தவறாமல் சுற்றுக்கு வரும் வரலாற்றுத் துணுக்கு ஒன்று உண்டு. 1973 வரை சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் கொடியேற்றியவர்கள் ஆளுநர்கள். 1974-இல் முதல்வர் மு. கருணாநிதி பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதி, அந்த உரிமை முதல்வர்களுக்கு வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் நாடு முழுக்க முதல்வர்கள் ஏற்றுகிறார்கள். ஆளுநருக்குக் குடியரசு தினம். வருஷத்துக்கு நாலு தடவையாவது இது எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெருமைப்படும்போது அதற்குள் இருந்த வாதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். ஆளுநர் கொடியைத் தலைகீழாக ஏற்றினார் என்றோ, கிழிந்த கொடியை ஏற்றினார் என்றோ யாரும் புகார் சொல்லவில்லை. அதே துணி, அதே கம்பம், அதே கோட்டை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கயிற்றைப் பிடிக்க வேண்டியவர் மக்கள் தேர்ந்தெடுத்தவரா, மேலிருந்து நியமிக்கப்பட்டவரா?

இந்தக் கேள்வியை நாம் கோட்டையோடு நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் விமர்சனம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம் இருக்கும். அங்கே கயிறு யார் கையில் இருக்கிறது?

கம்பத்தடியில் நடந்தது

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் திண்டுக்கல் உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், முறையாகத் தேர்வான ஊராட்சித் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். அவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண். செய்தி வெளியாகி ஊரெல்லாம் பேசிய பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சமூகத் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. 2022-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில், தலைவர் கொடியேற்றுவதற்கு ஆட்சியரும் போலீஸும் வந்து நிற்க வேண்டியிருந்தது.

இவை தனித்தனிச் சம்பவங்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 386 ஊராட்சிகளில் கள ஆய்வு செய்தது. கொடியேற்ற முடியாத தலைவர்களும், தன் அலுவலகத்திலேயே உட்கார நாற்காலி இல்லாத தலைவர்களும் அதில் இருந்தார்கள்.

இதற்கு முன்கதையும் இருக்கிறது, அதுவும் நமக்கு ரொம்பப் பக்கத்தில். சிறுமலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் மதுரை மாவட்டம். அங்கே மேலவளவில் தலைவரான முருகேசனும் அவரோடு சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் 1996-இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2006 அக்டோபர் வரை அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. நாற்காலிக்கே பத்து வருஷம் போராட வேண்டியிருந்த இடத்தில், கொடிக்கயிறு தகராறாவதில் ஆச்சரியம் என்ன?

சட்டம் எதைப் பார்க்கிறது?

சாஃப்ட்வேர் வேலையில் எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, யாருக்கு என்ன அனுமதி, யார் தடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான். அந்தப் பழக்கத்தில் கொடி பற்றிய சட்டங்களைப் படித்துப் பார்த்தேன்.

2002-இன் இந்தியக் கொடி விதிமுறைகள் நுணுக்கமானவை. நீள அகலம் 3:2. மிகப் பெரிய அளவு 6300 மி.மீ. நீளம், மிகச் சிறியது 150 மி.மீ. விறுவிறுவென்று ஏற்றணும், நிதானமாக மரியாதையோடு இறக்கணும். காவி நிறம் கீழே வரக்கூடாது. 2021 டிசம்பரில் திருத்தம் செய்து பாலியஸ்டர் துணிக்கும் இடம் கொடுத்தார்கள்.

தண்டனை இருப்பது 1971-இன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில். அதன் 2-வது பிரிவு கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, மற்ற வகையில் அவமதிப்பது பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை. 3-வது பிரிவு தேசிய கீதம் பற்றியது. கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தால், பாடும் கூட்டத்தைக் குலைத்தால், அதற்கும் மூன்று ஆண்டு வரை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடுவதைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கொடியேற்றுவதைத் தடுப்பது குற்றம் என்று அப்படி ஒரு வரி இல்லை. துணிக்கு நேரும் கேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னவர்களுக்கு, ஏற்ற வந்த கையை ஒருவர் பிடித்து நிறுத்துவார் என்பது தோன்றவே இல்லை.

‘அதற்குத்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கே’ என்று கேட்கலாம். இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சமூகத்து ஊராட்சிப் பொறுப்பாளரை மிரட்டி அவர் கடமையைச் செய்யவிடாமல் ஆக்குவது அதில் தனிக் குற்றம். தேவையான சட்டம், மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? தலைவரைத் தடுத்தால் அது ஒரு சாதிக்கு நேர்ந்த அவமானமாக மட்டும் பதிவாகிறது. தேசத்துக்கு நேர்ந்ததாகப் பதிவாவதில்லை. கோபப்படுவதும் அந்தச் சாதிக்காரர்களின் வேலை என்று ஆகிவிடுகிறது.

கோபம் எங்கே பொங்குகிறது?

2023 அக்டோபர் 23, சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் – ஆப்கானிஸ்தான் உலகக்கோப்பை ஆட்டம். ரசிகர்களிடமிருந்து வாங்கிய இந்தியக் கொடியை ஒரு போலீஸ் அதிகாரி குப்பைத் தொட்டியில் போடப் போவது மாதிரி ஒரு காணொளி வந்தது. உடனே கண்டனம், விசாரணை, அந்த அதிகாரி இடமாற்றம். நடவடிக்கை சரிதான். ஆத்துப்பாக்கத்துக்கு அந்தக் கோபத்தில் பாதியாவது கிடைத்ததா? தேசபக்தியை மேடை போட்டுப் பேசுகிற கட்சிகளும் சரி, சமூகநீதியை மேடை போட்டுப் பேசுகிற கட்சிகளும் சரி, கம்பத்தடியில் நின்ற அந்தப் பெண்ணுக்காக மாநிலம் தழுவி ஒரு நாள் நின்றார்களா?

2022 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடி ஏற்றச் சொல்லி ஒன்றிய அரசு இயக்கம் நடத்தியது. திண்டுக்கல்லில் தபால் ஆபீஸ் போனாலும் கொடி, கடைத்தெரு போனாலும் கொடி. அதே மாதம் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2004-லேயே நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. தன் வீட்டு மொட்டைமாடியில் யாரும் ஏற்றலாம். தன்னைத் தேர்ந்தெடுத்த ஊரின் கம்பத்தில் ஏற்ற மட்டும் போலீஸ் வேண்டும்.

‘வெறும் அடையாளம்தானே, நிதியும் வேலையும்தானே முக்கியம்’ என்பவர்களும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. அதனால் ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் பழைய அதிகாரம் பெரும்பாலும் துணைத் தலைவர் வழியாக உள்ளே வரும். நாலு பேர் பார்க்கக் கயிற்றைப் பிடிக்கவிடாதவர்கள், யாரும் பார்க்காத இடத்தில் பேனாவை மட்டும் விட்டுவிடுவார்களா?

என்ன செய்யலாம்?

ஆட்சியர் வந்து நின்று ஏற்ற வைப்பது அவசர வைத்தியம். அவர் கார் கிளம்பியதும் ஊர் பழையபடி ஆகிவிடும்.

இரண்டு விஷயங்கள் செய்யலாம். ஒன்று, 1971 சட்டத்தின் 3-வது பிரிவில் கீதத்தோடு கொடியேற்றுவதையும் சேர்ப்பது. ஒரு திருத்தத்தில் முடிகிற காரியம். இரண்டாவது இன்னும் சுலபம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கிராம சபை கூடும் நாட்கள். தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியாக ‘இன்று கொடியேற்றியவர் யார்? தலைவர் இல்லையென்றால் ஏன்?’ என்று எழுத வைக்கலாம். ஐந்து வருஷத்தில் எந்த ஊரில் எத்தனை தடவை தலைவருக்கு ‘உடம்பு சரியில்லாமல்’ போனது என்று தானாகத் தெரிந்துவிடும். இப்போது யாராவது படம் எடுத்துப் போட்டால்தான் நமக்கே தெரிகிறது.

2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, திண்டுக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. தேர்தலில் வந்தவர் இல்லாத ஊராட்சியில் கம்பத்தடியில் தகராறும் இல்லை. நியமிக்கப்பட்ட அதிகாரி கயிற்றைப் பிடித்தால் எந்தச் சாதிக்கும் கை கூசாது. 1974-இல் எந்த ஏற்பாட்டை எதிர்த்து நாம் கடிதம் எழுதினோமோ, அதே ஏற்பாட்டில்தான் நம் ஊர்கள் நிம்மதியாக இருக்கின்றன. அடுத்த ஆகஸ்டில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்புகிறவர்கள், அதோடு தங்கள் ஊராட்சியில் கொடியேற்றியவர் யார் என்பதையும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.